பட்டியல் வைத்திருப்பவர்

கோலாலம்பூரில் ஐம்பதைத் தாண்டிய இரண்டு தமிழ் ஆண்கள் கல்யாணப் பந்தியில் அடுத்தடுத்து உட்கார்ந்தால் முதலில் வரும் கேள்வி, "எந்தத் தோட்டம்?" அடுத்தது, "எந்த ஸ்கூல்?" ரசம் வருவதற்குள் இரண்டு பதில்களையும் வைத்து ஒருவரை ஒருவர் எடைபோட்டு முடித்துவிடுவார்கள். வி.ஐ., அதாவது விக்டோரியா இன்ஸ்டிடியூஷன், என்று சொல்பவரின் முதுகு கொஞ்சம் நிமிரும். செயின்ட் ஜான்ஸ், மெதடிஸ்ட் பாய்ஸ் ஸ்கூல் என்று சொல்பவர் அடுத்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் தொடங்குவார். கிள்ளான் ஹை ஸ்கூல்காரர், "எந்த வருஷம்?" என்று கேட்டு, நமக்குத் தெரியாத நாலு பேரை விசாரிப்பார். தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயரை மட்டும் சொல்லி ஒருவர் நிறுத்திக்கொண்டால், இன்னொரு பெயர் வரும் என்று கேட்டவர் கொஞ்ச நேரம் காத்திருப்பார். வராது.

இந்தக் கேள்வியில் இருக்கும் சின்னத்தனம் தெரிந்தே நானும் கேட்கிறேன். கேட்காமல் இருக்க முடிவதில்லை. ஏன் என்பதைத்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உறவினர் என்றால் ரத்தம் இருக்கிறது. நண்பன் என்றால் நாமாகத் தேடிக்கொண்டது. பதிவேட்டில் என் பெயருக்கு அடுத்த எழுத்தில் தொடங்கியதால் பக்கத்தில் உட்காரவைக்கப்பட்ட ஒருவனோடு, அறுபது கடந்த பிறகும் எனக்கு என்ன பந்தம்? இன்று புதிதாகச் சந்தித்திருந்தால் அவர்களில் பாதிப்பேரோடு ஒரு தே தாரிக் குடித்திருக்க மாட்டேன். அரசியலும் ஒத்துப்போகாது, ரசனையும் ஒத்துப்போகாது. ஆனாலும் அழைப்பு வந்தால் போகிறேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ், தன் பிள்ளைகளுக்கென்று பள்ளி கட்டுவதற்கு முன்பே பழைய மாணவர்களால் நிறைந்த ஊர். ரயில்வேக்கு எழுத்தர்களும் நிலைய அதிகாரிகளும் தேவைப்பட்டபோது யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பெட்டியில் இருந்த பெரிய சொத்து ஆங்கிலக் கல்வி. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிகள் 1823-ல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியிருந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை.தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள்தான். அப்புறம் மத்திய கல்லூரி, செயின்ட் ஜான்ஸ், இந்துக் கல்லூரி என்று தெருவுக்கு ஒரு பெருமை. யாழ்ப்பாண மத்திய கல்லூரிக்கும் செயின்ட் ஜான்ஸுக்கும் நடக்கும் கிரிக்கெட் போட்டிக்கு நூறாண்டுக்கு மேல் வயது. இலங்கைப் போரின் நடுவிலும் அந்தப் பள்ளிகளின் பெயரை விட்டுக்கொடுக்காத கிழவர்களை நான் பார்த்திருக்கிறேன். மலாயாவுக்கு வந்த அந்தத் தலைமுறை சும்மா இருக்கவில்லை. 1904-ல் விவேகானந்த ஆசிரமம். 1914-ல் தமிழர் உடற்பயிற்சிச் சங்கமான டி.பி.சி.ஏ. படித்த பள்ளியின் மைதானம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்ததால், இங்கே ஒரு மைதானத்தை உண்டாக்கிக்கொண்டார்கள் என்று தோன்றுகிறது.

தம்புசாமிப் பிள்ளையின் கதையும் ஒரு பழைய மாணவரின் கதைதான். பத்துமலைக் கோயிலோடு சேர்த்தே அவரை நினைக்கிறோம். சிங்கப்பூரில் பிறந்து ராஃபிள்ஸ் இன்ஸ்டிடியூஷனில் படித்து, டேவிட்சன் என்ற வழக்கறிஞரின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். டேவிட்சன் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட்டாக வந்தபோது கூடவே வந்தார். 1887-ல் விக்டோரியா மகாராணியின் பொன்விழாவுக்காகத் திரட்டிய பணத்தில் செலவாகாமல் மிஞ்சியதை என்ன செய்வது என்ற பேச்சு வந்து, அதிலிருந்து 1893-ல் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பிறந்தது. யாப் குவான் செங், லோக் யூ ஆகியோரோடு அதை நிறுவியவர்களில் தம்புசாமிப் பிள்ளையும் ஒருவர். வி.ஐ.யின் விளையாட்டு அணிகளில் ஒன்றுக்கு இன்றும் அவர் பெயர். விளையாட்டுப் போட்டி நாளில் மலாய்ப் பையன்களும் சீனப் பையன்களும் தொண்டை கிழிய "தம்புசாமி! தம்புசாமி!" என்று கத்துவார்கள். இந்த நாட்டில் ஒரு தமிழ்ப் பெயர் இவ்வளவு பேர் வாயால் இவ்வளவு உற்சாகமாக உச்சரிக்கப்படும் இடம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து, விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் தொடங்கி வி.ஐ.க்குப் போய், கொழும்புத் திட்ட உபகாரச் சம்பளத்தில் மெல்பர்னுக்கும் பிறகு ஹார்வர்டுக்கும் போன ஆனந்த கிருஷ்ணன் 2024 நவம்பர் 28 அன்று காலமானார். மெக்சிஸும் ஆஸ்ட்ரோவும் இரட்டைக் கோபுரத் திட்டமும் அவர் கைபட்டவை. மனிதர் வெளிச்சத்தை அறவே விரும்பாதவர்; பேட்டி கொடுப்பது அபூர்வம். அன்று மாலைக்குள் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போனது. ஒரு பெஞ்சு அத்தனை பேரைத் தாங்கியிருக்க முடியாது. அதைப் படித்து நான் சிரித்தாலும், கிண்டல் செய்ய மனம் வரவில்லை. பெரிய மனிதரின் செல்வத்தில் பங்கு கேட்கிறார்கள் என்று தோன்றவில்லை. அவர் யாருமில்லாதவராக இருந்த நாட்களில் தாங்களும் அங்கே இருந்தோம் என்கிறார்கள், அவ்வளவுதான்.

பழைய மாணவர் பந்தத்துக்கு இன்னொரு முகம் உண்டு. அதை மறைத்து எழுதினால் கட்டுரை பொய்யாகிவிடும். இங்கிலாந்தில் பணக்காரப் பிள்ளைகளுக்கு பிரெப் ஸ்கூல் என்று ஒன்று இருக்கிறது. எட்டு வயதில் சேர்த்தால், பதின்மூன்று வயதில் ஈட்டனுக்கோ ஹாரோவுக்கோ போகத் தயார்செய்து அனுப்புவார்கள். ஈட்டன் மட்டும் இதுவரை 20 பிரதமர்களைக் கொடுத்திருக்கிறது. அந்த நாட்டில் பள்ளியின் கழுத்துப்பட்டை பல கதவுகளுக்குச் சாவி. வெள்ளைக்காரன் அதே அச்சை இங்கேயும் வார்த்தான். மலாய்ப் பிரபுக்களின் பிள்ளைகளுக்காக 1905-ல் கோலகங்சாரில் மலாய்க் கல்லூரி வந்தது. 'கிழக்கின் ஈட்டன்' என்றே அதற்குப் பெயர். இரண்டாவது பிரதமர் துன் அப்துல் ரசாக் அங்கே படித்தவர். பத்தாவது பிரதமர் அன்வார் இப்ராஹிமும் அங்கே படித்தவர்தான். ஒரே விடுதியில் ஒரே சோற்றைத் தின்றவர்கள் பிற்காலத்தில் ஒருவருக்கொருவர் கதவு திறந்துவிடுவதில் வியப்பு என்ன இருக்கிறது? வி.ஐ.க்காரர்களும் செய்தார்கள், செயின்ட் ஜான்ஸ்காரர்களும் செய்தார்கள். செய்யவில்லை என்பவர்களைத்தான் நம்பக் கூடாது.

எங்கள் கதைக்கு வருகிறேன். நான் கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்தில் பள்ளிவயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தாலே நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. சட்டம் சொன்னதை நிர்வாகம் எப்படிக் கேட்டது என்பது வேறு கதை. கிராணியே வாத்தியார், மாட்டுக்கொட்டகையே வகுப்பறை என்ற நிலை பல இடங்களில் இருந்தது. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது. துரைக்கு முன்னால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது இருந்தது. பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும் என்பதும் இருந்தது. சைக்கிளும் சிலேட்டும் ஒரே பட்டியலில். என் அப்பா அப்போது சிறு பையன். கடைசிவரை அவர் சைக்கிள் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாரே தவிர சிலேட்டுக் கதையைச் சொன்னதில்லை. அவருக்குப் பள்ளி வாய்க்கவில்லை.

எனக்கு வாய்த்தது. ஆறாம் வகுப்போடு வடிகட்டும் நுழைவுத் தேர்வை 1964-ல் அரசாங்கம் எடுத்துவிட்டது. அது இருந்திருந்தால் எங்கள் தோட்டத்திலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போனவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஆனால் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவன் நேரே முதல் படிவத்துக்குப் போய்விட முடியாது. நடுவில் ஓராண்டு 'ரிமூவ்'. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளையும் சீனப்பள்ளிப் பிள்ளைகளையும் ஒன்றாகப் போட்டு, ஆங்கிலம் புகட்டி, அடுத்த ஆண்டு மற்றவர்களோடு சேர்த்துவிடுவார்கள். நாங்கள் ஆங்கிலவழியின் கடைசி ஆட்களில் சேர்ந்தவர்கள். 1970-ல் முதல் வகுப்பில் தொடங்கிய மலாய்வழி மாற்றம், ஆண்டுக்கு ஒரு வகுப்பாக எங்களைத் துரத்திக்கொண்டு வந்தது. பிற்கால ரிமூவில் ஆங்கிலத்தின் இடத்தில் மலாய் வந்துவிட்டது. ஆக, பிரெப் பள்ளி எங்களுக்கும் இருந்தது. கட்டணம் கிடையாது. வாழ்க்கையில் ஒரு வருடம் மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

அது 1971. அந்த ஜனவரியில் கோலாலம்பூரைப் பெருவெள்ளம் மூழ்கடித்தது. மே 13 இனக் கலவரம் முடிந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. பெரியவர்கள் வேற்று இனத்தாரைப் பற்றிக் குரலைத் தாழ்த்திப் பேசிய காலம். அந்தக் காலத்தில் எங்களை ஒரு வகுப்பறையில் அடைத்தார்கள்: பாதி தமிழ்ப் பையன்கள், பாதி சீனப் பையன்கள், ஒருவன் மொழி ஒருவனுக்குத் தெரியாது, இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. கடைத்தெருவில் பொறுக்கிய மலாய் ஒன்றுதான் பாலம். மற்ற வகுப்புப் பையன்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களில் நகரத்துத் தமிழ்ப் பையன்களும் இருந்தார்கள். அவர்கள் சிரிப்புதான் அதிகம் வலித்தது. அவர்கள் சிரிக்கச் சிரிக்க நாங்கள் பதினோராம் மாதத்துக்குள் ஒரு கூட்டமாகிவிட்டோம். மேலே போன பிறகும் எங்களை முதல் படிவத்தின் கடைசி வகுப்பில்தான் போட்டார்கள். பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான் நடந்தது.

மேரு பக்கத்திலிருந்து வந்த ஒரு சீனப் பையன், மளிகைக்கடைக்காரர் மகன், என் பக்கத்து இருக்கை. அவன் எனக்குக் கணக்கு காட்டுவான், நான் அவனுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் காட்டுவேன். இரண்டுமே பரிசோதகர் முதுகு திரும்பிய நேரத்தில். இப்போது அவன் இரும்புக்கடை முதலாளி. எங்கள் சந்திப்பு எதையும் தவறவிட்டதில்லை. அந்த வருடம் படித்த இலக்கணமெல்லாம் மறந்துவிட்டது, எங்களிடம் கற்ற தமிழ் வசவுகளை மட்டும் உச்சரிப்பு பிசகாமல் சொல்கிறான். மேசையில் எங்கள் மனைவிமார் இருக்கும்போதும் சொல்கிறான் என்பதுதான் சிக்கல்.

பள்ளி உறவுகள் நிலைத்து நிற்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அது தானாக நிலைப்பதுபோலப் பேசுகிறார்கள். இளமை நினைவு, மண்வாசனை, பசுமை என்றெல்லாம். நான் பார்த்தவரை எதுவும் தானாக நிற்கவில்லை. எந்த வகுப்பை எடுத்துக்கொண்டாலும், அது ஐம்பது வருடம் கழித்தும் ஒன்றாக இருக்கிறதென்றால் யாரோ ஒருவர் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். அவர் முதல் மதிப்பெண் வாங்கியவராகவோ, பள்ளிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவராகவோ பெரும்பாலும் இருப்பதில்லை. முதல் மாணவர்களுக்கு நேரமில்லை. டத்தோ பட்டம் வாங்கியவர்கள் கடைசி நேரத்தில் வந்து உரையாற்றிவிட்டுப் போவார்கள்.

எங்கள் வகுப்பில் அந்த ஆளை நாங்கள் 'பெல்' என்போம். பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும் பொறுப்பு அவனுடையது. படிப்பு சுமார்தான். ஐந்தாம் படிவத் தேர்வில் தேறவில்லை. போர்ட் கிள்ளானில் சரக்கு எண்ணும் வேலையில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றான். எழுபதுகளின் முடிவிலிருந்தே அவனிடம் ஒரு 555 நோட்டு இருந்தது, ஒட்டுக்கடையில் கடன் எழுதுவார்களே, அதே சின்ன நோட்டு. பெயர், தோட்டம், அப்பா பெயர், இப்போது எங்கே, யாரைக் கேட்டால் தெரியும். தொலைபேசி இல்லாதவர்களுக்கு பக்கத்துக் கடையின் எண். ஒவ்வொரு தீபாவளிக்கும் முந்தின வாரம் அந்த நோட்டை விரித்துவைத்து வரிசையாகக் கூப்பிடுவான். காலையில் தமிழ் நேசனைப் பின்பக்கத்திலிருந்து படிப்பான். மரண அறிவித்தல்களில் தெரிந்த பெயர் இருந்தால் அன்று வேலைக்கு மட்டம். 1924-ல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019-ல் நின்றபோது, நாட்டில் இலக்கியவாதிகள் வருந்தினார்கள். பெல் வருந்தியது மரண அறிவித்தலுக்காக. "இனிமே யாரு செத்தா எனக்கு எப்படி லா தெரியும்?" என்றான். அதற்குள் புலனம் வந்திருந்தது. ஆனால் புலனத்தில் ஆட்கள் தங்கள் சாவை முன்கூட்டியே பதிவிடுவதில்லை என்று அவனுக்கு ஒரு குறை.

இந்த வேலை எப்படிப்பட்டதென்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் ஒருவன் படுத்திருக்கிறான் என்றால் யார் காலையில் போவது, யார் மாலையில் போவது என்று பெல் பிரிப்பான். ரத்தம் வேண்டுமென்றால் யாருக்கு எந்த வகை என்று நோட்டில் இருக்கும். ஒருவன் மகளின் கல்யாணத்துக்கு ஆளுக்கு நூறு வெள்ளி போட்டோம். யார் போட்டார்கள், யார் போடவில்லை என்பது பெல்லுக்கு மட்டும் தெரியும், கேட்டால் சொல்ல மாட்டான். எங்களில் யாரும் யாருக்கும் பெரிய குத்தகை வாங்கித் தரவில்லை. தரும் நிலையில் யாரும் இல்லை. இதைச் சொல்லி நாங்கள் ஈட்டன்காரர்களைவிட நல்லவர்கள் என்று காட்டிக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. வாய்ப்பு கிடைத்திருந்தால் நாங்களும் எங்கள் ஆட்களைத்தான் உள்ளே இழுத்திருப்போம். துறைமுகத்தில் பெல் தன் அதிகாரத்துக்கு எட்டிய தற்காலிக வேலைகளை யாருக்கு வாங்கிக் கொடுத்தான் என்று எனக்குத் தெரியும்.

நோட்டில் இருப்பவர்களைவிட அதில் இல்லாதவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் நினைக்கிறேன். தோட்டப் பள்ளியில் என்னோடு படித்த சிலர் ரிமூவுக்கே வரவில்லை. 1969 முதல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள், மூட்டையைக் கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாடு திரும்பியதாகக் கணக்கு. திரும்பினார்கள் என்பது பெற்றோருக்குப் பொருந்தும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு எந்த ஊருக்குத் திரும்புவது? லயத்தில் அடுத்த வீட்டுக்காரன் ஒருவன் 'ரஜுலா' கப்பலில் போனான். ஐந்தாம் வகுப்புப் பாதியில். அவனுடைய புத்தகங்களை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். பெல் பல வருடங்களுக்குப் பிறகு முகநூலில் துழாவி, நாமக்கல் பக்கத்தில் அவன் தம்பியைக் கண்டுபிடித்தான். அண்ணன் இறந்து வெகுநாளாகிவிட்டதாம். நோட்டில் பெல் அவன் பெயரை எழுதி அதன்மேல் கோடு போட்டான். எழுதாமலேயே விட்டிருக்கலாமே என்றேன். "பேரு இல்லாம எப்படிடா கோடு போடறது?" என்றான்.

இரண்டாவது வகை, மூன்றாம் படிவத்தோடு நின்றவர்கள். எல்.சி.இ. என்ற அந்தத் தேர்வில் தவறினால் நான்காம் படிவம் கிடையாது. ரிமூவிலிருந்து வந்தவர்களில் பாதிக்கு மேல் அங்கே உதிர்ந்தார்கள். டிசம்பர்வரை பையன், ஜனவரியில் பால்மரம் வெட்டப் போனவன், லாரியில் கிளீனராக ஏறியவன், அப்போது முளைத்துக்கொண்டிருந்த ஷா ஆலாம் தொழிற்சாலைகளில் மூன்று ஷிப்டு பார்த்தவன். தோட்டத்தின் நிலத்தில்தான் அந்த நகரமே எழுந்தது. அவர்களில் ஒருவனை நான் செந்தோசா பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் தற்செயலாகப் பார்த்தேன். அடையாளம் கண்டுகொண்டோம். சந்தோஷப்பட்டான். அடுத்த மாதம் சந்திப்பு இருக்கிறது, வா என்றேன். முகம் மாறிவிட்டது.

"அது முடிச்சவங்களுக்குத்தானே. நான் எங்க முடிச்சேன்?"

அவன் சொன்னதில் வருத்தமோ குத்தலோ இல்லை; சங்கத்தின் விதியை எனக்கு நினைவூட்டுவதுபோலச் சொன்னான். பெரிய பள்ளிகளின் பழைய மாணவர் சங்கங்களுக்கெல்லாம் விதிமுறை உண்டு, உறுப்பினர் படிவம் உண்டு. எங்களுக்கு ஒன்றும் கிடையாது. ஆனால் எழுதாத விதி ஒன்று இருந்திருக்கிறது. அதை வெளியே நின்றவன்தான் சரியாகப் படித்திருக்கிறான். படித்து முடித்தவர்களின் கூட்டம் என்றால் அது சான்றிதழின் கூட்டம். ஒன்றாக உட்கார்ந்தவர்களின் கூட்டம் என்றால் ரிமூவில் மூன்று மாதம் இருந்துவிட்டு ஓடிப்போனவனுக்கும் அதில் இடம் உண்டு. ஐந்தாம் படிவத்தில் ஏ வாங்கியபோது என்னைச் சுற்றி இருந்தவர்கள் பாராட்டினார்கள். இங்கிலீஷ் வாத்தியார் என்னை எழுப்பி நிறுத்தி ஒரு வாக்கியம் படிக்கச் சொன்னபோது என் கால் நடுங்கியதைப் பார்த்தவர்கள் வேறு ஆட்கள். பிற்பாடு நான் சம்பாதித்த எந்தப் பெயரும் அவர்களிடம் செல்லாது. அதனால்தான் அவர்களிடம் போகிறேன் என்று நினைக்கிறேன்.

பள்ளியே இல்லாமல் போனவர்களும் இருக்கிறார்கள். சுதந்திரம் அடைந்த 1957-ல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இப்போது ஐந்நூற்றுச் சொச்சம். தோட்டம் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, வீடமைப்பாக மாறியபோது பள்ளியும் போனது. சில பள்ளிகள் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு இடம் மாறின. ஷா ஆலாம் ஏழாவது பிரிவில் மாடிக்கட்டடத்தில் நடக்கும் பள்ளிக்கு இன்றும் மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்றுதான் பெயர்; சுற்றுவட்டாரத்தில் ஒரு பால்மரம் கிடையாது. கிள்ளான் சிம்பாங் லீமா பள்ளியோ பிள்ளைகளால் பிதுங்குகிறது, நாட்டிலேயே அதிகம் பேர் படிக்கும் தமிழ்ப்பள்ளிகளில் ஒன்று. எங்கள் தோட்டப் பள்ளி இரண்டிலும் சேரவில்லை. அது இருந்த இடத்தில் இப்போது நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி. கோயிலை மட்டும் கொஞ்சம் தள்ளிக் கட்டிக்கொடுத்தார்கள். ஆண்டுத் திருவிழாவுக்குப் பழைய ஆட்கள் பூச்சோங்கிலிருந்தும் காப்பாரிலிருந்தும் வருகிறார்கள். சாமி கும்பிட வருவதாகத்தான் சொல்கிறார்கள். கும்பிட்டு முடித்ததும் பந்தலில் உட்கார்ந்து ஆறாம் வகுப்பு வாத்தியாரின் பிரம்பைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இந்தப் பந்தம் பொதுவுக்குப் பயன்பட்டதும் உண்டு. 2014-ல் பிரிக்ஃபீல்ட்ஸ் விவேகானந்த ஆசிரமத்து நிலத்தில் 23 மாடிக் கட்டடம் எழப்போகிறது என்ற செய்தி வந்தபோது, அக்கம்பக்கத்தார் கையெழுத்து திரட்டினார்கள், கூட்டம் போட்டார்கள். அங்கே படித்துவிட்டு எங்கெங்கோ போனவர்களுக்கும் அந்த முகப்பு தங்கள் வீட்டு முகப்பு மாதிரி. 2016-ல் கட்டடம் பாரம்பரியச் சின்னமாக அரசிதழில் ஏறியது. அந்த நாட்களில் நான் பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்களைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைப்பட்டேன். அவர்களுக்குக் காப்பாற்ற ஒரு சுவர் இருந்தது. எங்களிடம் இருப்பது 555 நோட்டு.

ஆண்கள் பள்ளி என்பதால் இந்த நோட்டில் எல்லாம் ஆண்களின் பெயர். தோட்டப் பள்ளியில் எங்களோடு, எங்களைவிட நன்றாகவே படித்த பெண்பிள்ளைகளுக்கு இப்படி ஒரு நோட்டு இல்லை. கல்யாணமாகி ஊர் மாறி, பெயருக்குப் பின்னால் வரும் பெயரும் மாறியதில் அவர்களைக் கண்டுபிடிப்பது துறைமுகத்துக்காரனுக்கும் முடியாத காரியம். என் மனைவி இதைச் சொல்லிக்காட்டாத சந்திப்பு கிடையாது. "உங்களுக்கெல்லாம் வேற வேலை இல்ல. எங்களுக்குத்தான் நேரமில்ல" என்பாள். அவள் பள்ளித்தோழி ஒருத்தியின் பெயரைப் பெல்லிடம் ரகசியமாகக் கொடுத்து வைத்திருக்கிறேன். தேடிக்கொண்டிருக்கிறான்.

போன வருடம் பெல்லுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. நோட்டின் பொடி எழுத்து தெரியவில்லை. புலனமும் அவனுக்கு அலுத்துவிட்டது. இனி யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று மேசையில் நோட்டை வைத்தான். டத்தோ ஒருவர், கணினியில் ஏற்றிவிடலாம், தன் அலுவலகப் பெண் செய்துகொடுப்பாள் என்றார். இரும்புக்கடைக்காரன் அதற்கு மிகச்சுருக்கமாகத் தமிழில் பதில் சொன்னான். கடைசியில் நோட்டு என்னிடம் வந்தது. முதல் வேலையாக செந்தோசாக்காரனின் பெயரை எழுதினேன். அவன் எண்ணுக்கு மூன்று தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை என்று பெல்லிடம் சொன்னபோது, இத்தனை வருடத் தொழில் ரகசியத்தை மிகச் சாதாரணமாகச் சொல்லிக் கொடுத்தான்.

"அவனுக்கு ஏன்டா போடற? வீட்டம்மா நம்பர வாங்கிப் போடு. நாள், இடம், சாப்பாடு என்னன்னு சொல்லு. வர்றியான்னு மட்டும் கேட்டுறாத. எத்தனை பேரு வர்றீங்கன்னு கேளு."